கண்டதை மட்டும் எழுதியவர்

மழை வருமா என்று கேட்டால் அவர் எழுந்து ஜன்னலடிக்குப் போய் வெளியே பார்ப்பார். "இப்ப பெய்யேல்லை" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. டென்மார்க்கின் வைலே நகரில் வருடத்தில் பாதி நாள் வானம் சாம்பல் நிறத்தில்தான் கிடக்கும். பெய்யும் என்று சும்மா சொல்லி வைத்தாலும் அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். அப்படியிருந்தும் அவர் சொன்னதில்லை.

அவர் பேசியது டேனிஷ். ஆனால் இத்தனை வருடங்களுக்குப் பிறகு அவருடைய பேச்சு என் காதில் எங்களூர்த் தமிழாகவே நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன். சின்னவர் பெரியவர் எல்லோரையும் அவர்கள் 'டு' என்ற ஒரே சொல்லால்தான் கூப்பிடுவார்கள். அதற்கு எங்களிடம் 'நீர்' பொருத்தமாக இருக்கிறது. பெயரை எழுதவில்லை. தன்னைப் பற்றி யாராவது எழுதினால், இதில் எத்தனை வரி நீர் கண்டது, எத்தனை வரி நீர் நினைத்துக்கொண்டது என்று கேட்கக்கூடியவர். அதைப் பிரித்துக் கொடுக்க என்னால் முடியாது.

நான் யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவன். அகதியாக டென்மார்க்குக்கு வந்து, மொழி வகுப்பில் ஒரு வருடம் இருந்து, பிறகு நகரசபையான கொம்யூன்காரர் கைகாட்டிய வேலைக்குப் போனேன். அது ஓர் ஆய்வுகூடம். சுற்றுவட்டார வைத்தியர்களிடமிருந்து நோயாளிகளின் மலம் சிறு போத்தல்களில் அங்கே வரும். வயிற்றோட்டம், வயிற்றுளைவு, டைபோயிட் என்கிற நெருப்புக் காய்ச்சல் ஆகியவற்றைக் கொண்டுவரும் கிருமிகள் அதில் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கிருமியை இனங்காண்பதற்கு வேண்டிய சீரத்தையும் அங்கேயே தயாரித்தார்கள். பின்பக்கத்தில் முயல்கள் இருந்தன. கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவதும் முயல்களைப் பார்ப்பதும் என் வேலை. அவர் அங்கே தலைமை லாபொரான்ட், சோதனைகளைச் செய்பவர். ஐம்பதைத் தாண்டிய பெண், நெட்டையானவர், கையில் ஆண்கள் கட்டும் பெரிய மணிக்கூடு கட்டியிருப்பார். எந்தக் காற்றிலும் சைக்கிளில்தான் வருவார்.

கொன்ற கிருமியை முயலுக்கு ஊசியால் ஏற்றுவார்கள். சில கிழமைகளில் அந்தக் கிருமியை எதிர்க்கும் பொருள் முயலின் இரத்தத்தில் ஊறிவிடும். பள்ளிக்கூடத்தில் பிறபொருளெதிரி என்று பாடமாக்கிச் சோதனை எழுதினேனே, அது இதுதான் என்று எனக்கு விளங்கியது முயலின் காதைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு காலையில்தான். காதின் நாளத்திலிருந்து இரத்தம் எடுத்து, உறைய விட்டு, மேலே தெளிந்து நிற்கும் வைக்கோல் நிற நீரை எடுப்பார்கள். அதுதான் சீரம். அதன் ஒரு துளியை அதற்குரிய கிருமியோடு சேர்த்தால் கிருமிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரளும்.

அவருடைய மேசையில் ஒரே முறைதான். ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து இடது பக்கத்தில் ஒரு துளி சீரமும், வலது பக்கத்தில் ஒரு துளி வெறும் உப்புத் தண்ணீரும் வைப்பார். இரண்டிலும் ஒரே கிருமியைக் கலந்து, விளக்குக்குக் கீழே பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் சரிப்பார். இடது துளி பால் திரைந்ததுபோலத் திரள வேண்டும், வலது துளி கலங்கலாக அப்படியே நிற்க வேண்டும். அப்போதுதான் இது இன்ன கிருமி என்று எழுதலாம். சில கிருமிகள் உப்புத் தண்ணீரிலேயே தாமாகத் திரண்டுவிடும். அப்படியானால் இடது பக்கத்தில் தெரிவது எதுவும் செல்லாது. வேலை கூடிய நாட்களில் மற்றவர்கள் வலது துளியை விட்டுவிடுவார்கள். அவர் விட்டு நான் ஒருநாளும் காணவில்லை.

ஒருமுறை வயிற்றுளைவுக் கிருமிக்கென்று செய்த சீரம் பிழைத்துவிட்டது. அந்தக் கிருமியைத் திரட்டியதோடு, ஒருவருக்கும் தீங்கு செய்யாமல் எல்லோர் வயிற்றிலும் இருக்கும் அதன் சொந்தக்காரக் கிருமி ஒன்றையும் இலேசாகத் திரட்டியது. மேலாளர் நல்ல மனுசன், சிவப்புத் தாடிக்காரர். வாங்கக் காத்திருந்த ஆஸ்பத்திரிகளுக்கு மறுமொழி சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

"கொஞ்சமாத்தானே திரளுது. பழகின ஆக்களுக்கு வித்தியாசம் தெரியும்" என்றார் மேலாளர்.

"பழகாத ஆக்கள் பாத்தால்?"

"லேபலில ஒரு குறிப்புப் போடலாம்."

"குற்றம் செய்யாததையும் இது சேர்த்துக் காட்டுது. இதை நான் போத்தில்ல அடைக்கேலாது" என்றார் அவர்.

அந்தத் தீங்கில்லாத கிருமியை நிறைய வளர்த்து, சீரத்துக்குள் கலந்து, அது பிடித்துக்கொண்டதையெல்லாம் சுழற்றி எடுத்து எறிந்தார். மறுபடி பார்த்தார். மறுபடி எறிந்தார். மூன்று கிழமை போனது. பாதிச் சீரம்தான் மிஞ்சியது. மேலாளர் அந்த நாட்களில் அவருடைய மேசைப் பக்கம் வராமல் சுற்றிப் போனார்.

இப்படியானவருடன் வேலை செய்வது சுகமென்று சொல்ல மாட்டேன். நன்றாகக் கழுவியிருக்கிறீர் என்று ஒரு சொல் வராது. கழுவியதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அடுக்கில் வைப்பார். அதுதான் பாராட்டு. காரணம் ஏதாவது இருக்கும், சின்ன வயதில் யாராவது ஏமாற்றியிருப்பார்கள், ஒரு பெரிய பிழை நடந்திருக்கும் என்று கொஞ்ச நாள் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. சில பேர் இடக்கையால் எழுதுகிறார்கள். அவர் இப்படி இருந்தார்.

எனக்கு இருப்பிட அனுமதி கிடைத்த கிழமையே மனைவியை எடுப்பிக்க விண்ணப்பம் போட்டிருந்தேன். அவள் யாழ்ப்பாணத்தில் இருந்தாள். கலியாணம் முடித்து ஏழு மாதத்தில் நான் வெளிக்கிட்டவன். விண்ணப்பம் கொப்பன்ஹேகனுக்குப் போனது, போன இடத்திலேயே இருந்தது. என்னுடையது மட்டுமல்ல, எங்கள் ஆட்கள் எல்லோருடையதும் அப்படித்தான் இருந்தன. பிறகு அது 'தமிழர் வழக்கு' என்று பேர் பெற்று, விசாரணையாகி, ஓர் அரசாங்கமே அதனால் விழுந்தது. நாங்கள் அதற்குள் இருந்தபோது அதற்குப் பேரில்லை. தபால்காரர் வரும் நேரம் மட்டும் தெரியும்.

சனிக்கிழமைகளில் மன்னாரைச் சேர்ந்த நண்பர் ஒருவரின் அறையில் கூடுவோம். அவர் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கே மடு என்ற ஊரில் இருந்தார்கள். ஒவ்வொரு கிழமையும் ஒரு கதை வரும். அடுத்த மாதம் திறக்கிறாங்களாம், எஸ்பியர்க் நகரில் ஒருவருக்குக் கடிதம் வந்ததாம். டேனிஷ்காரரிடம் சொன்னால் அவர்கள் தோளில் தட்டி, "தெ ஸ்கால் நொக் கோ" என்பார்கள். எல்லாம் சரியாய் வரும் என்று அர்த்தம். பாண்கடைக்காரி சொன்னாள். பஸ் சாரதி சொன்னார். மேலாளரும் சொன்னார்.

ஒருநாள் தேநீர் இடைவேளையில், கொப்பன்ஹேகனிலிருந்து எனக்கு வந்த கடிதத்தை அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார்.

"இதில ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.

"கெதியில முடியும் எண்டு சொல்லுதெண்டு நண்பர் சொன்னவர்."

"இல்லை. கையில இருக்குது எண்டு சொல்லுது. எப்ப முடியும் எண்டு இல்லை."

"அவ வருவாவோ?"

"எனக்குத் தெரியாது."

பொய்க்காவது ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்று அன்றைக்கு முழுவதும் மனம் கறுவிக்கொண்டிருந்தது. அடுத்த திங்கட்கிழமை அதே இடைவேளையில் என் விண்ணப்ப இலக்கத்தைக் கேட்டு வாங்கி, ஆய்வுகூடத் தொலைபேசியில் கொப்பன்ஹேகனுக்கு எடுத்தார். யார் பேசுகிறார் என்று கேட்டார். சொன்னதைச் சொன்னபடி ஒரு தாளில் எழுதினார். "இன்னும் முடியவில்லை." ஏன் என்று கேட்டார். மறுபக்கத்தில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. தாளில், 'காரணம் சொல்லவில்லை' என்று எழுதினார். அதற்கடுத்த திங்கட்கிழமையும் எடுத்தார். என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. திங்கட்கிழமைகளில் பத்து மணிக்குக் கறுப்புப் பாண் துண்டைக் கடித்துக்கொண்டே இலக்கத்தைச் சுழற்றுவார். தாள் நிரம்பியதும் என்னிடம் தந்தார்.

"பதினொரு தரம் ஒரே மறுமொழி. அப்பிடியெண்டா அது மறுமொழியில்லை. ஒரு வழக்கறிஞருக்குக் காட்டும்."

காட்டினேன். வழக்கறிஞர் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். அதனால் ஏதாவது அசைந்ததா என்று எனக்குத் தெரியாது. விண்ணப்பம் போட்டு இரண்டரை வருடத்துக்குப் பிறகு, அந்தத் தடையெல்லாம் நீங்கிய காலத்தில், அனுமதி வந்தது. நண்பருடைய குடும்பத்துக்கும் வந்தது. அந்தக் கடிதத்தை ஆய்வுகூடத்தில் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாசித்தார்.

"இது சொல்லுது" என்றார். சிரித்தார். அவர் சிரித்ததை நான் கண்ட சில தடவைகளில் அது ஒன்று.

மனைவி வந்து இறங்கியபோது நான் விட்டுவந்த பெண்ணில் பாதியாக இருந்தாள். சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே குத்துகிறது என்றாள். குடும்ப வைத்தியர் பித்தப்பையாக இருக்கலாம் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதினார். எதற்கும் ஒருதரம் பார்த்துவிடுவோம் என்று மலப் போத்தல் ஒன்றையும் தந்தார். எந்த ஆய்வுகூடத்துக்குப் போகும் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

நாலைந்து நாள் கழித்துக் கிருமி வளர்த்த தட்டுகளைக் கழுவும் அறைக்கு எடுத்துவரப் போனபோது அவருடைய மேசையில் ஒரு லேபல் கண்ணில் பட்டது. பத்தொன்பது எழுத்தில் ஒரு பேர் அந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லை.

"உம்மட மனுசியின்ர" என்றார் அவர், நிமிராமல். "நீர் வெளியில நிண்டால் நல்லது."

"நிக்கிறன்" என்றேன். உள்ளேதான் நின்றேன்.

முதல்நாள் செய்த வேறு சோதனைகளில் சந்தேகம் வந்துதான் சீரத்துக்கு எடுத்திருந்தார். நெருப்புக் காய்ச்சல் கிருமி இருக்கும் கூட்டத்துக்கான சீரத்தில் ஒரு துளி, உப்புத் தண்ணீரில் ஒரு துளி. கிருமியைக் கலந்தார். கண்ணாடியைச் சரித்தார். இரண்டும் கலங்கலாகவே நின்றன. ஒன்றும் திரளவில்லை. நான் மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

அவர் கண்ணாடியை வைத்துவிட்டு அடுக்கிலிருந்து இன்னொரு போத்தலை எடுத்தார். நெருப்புக் காய்ச்சல் கிருமிக்கு மேலே ஒரு போர்வை உண்டு. அது மூடியிருந்தால் முதல் சீரத்துக்கு உள்ளே இருப்பது பிடிபடாது. இந்தப் போத்தல் போர்வைக்கான சீரம். புதுக் கண்ணாடியில் மறுபடி இரண்டு துளி. பத்து எண்ணுவதற்குள் இடது துளி திரைந்துவிட்டது. வலது துளி அசையவில்லை. அவர் அதோடும் விடவில்லை. கிருமியைச் சிறு குழாயில் கரைத்துக் கொதிதண்ணீரில் வைத்தார். போர்வை கழரக் கால்மணி நேரம் வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். நான் கதவடியில் நின்றேன். பிறகு முதல் சீரத்திலேயே மறுபடி பார்த்தார். இப்போது அதுவும் திரண்டது.

நான் கதவைச் சாத்தினேன்.

"இதை எறிஞ்சு விடலாம்" என்றேன்.

"எதை?"

"இந்தத் தட்டை. எல்லாத்தையும் அவிச்சு எறியிறது நான்தானே. போத்தில் உடைஞ்சு போச்சுதெண்டு சொல்லுங்கோ. நான் வேற ஒண்டு கொண்டு வாறன். என்ரையைக் கொண்டு வாறன்."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை.

"நான் கண்டிட்டன்" என்றார்.

"திருப்பி அனுப்பிப் போடுவாங்கள். இரண்டரை வருசம். உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எழுதினனீங்கள்."

"அனுப்புவினமோ இல்லையோ எனக்குத் தெரியாது. இதில என்ன இருக்குதெண்டு தெரியும்."

படிவத்தை இழுத்துக் கிருமியின் பேரை எழுதினார். கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை பொறுத்தார். அதற்குப் பிறகுதான் தொலைபேசியை எடுத்தார். மாவட்ட வைத்திய அதிகாரியின் கந்தோருக்கு எடுத்து, யார் பேசுகிறார் என்று கேட்டு, பேர் எதுவும் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டார். நோயில்லாமல் நெருப்புக் காய்ச்சல் கிருமியை உடம்பில் காவிக்கொண்டிருக்கும் ஒருவரின் இருப்பிட அனுமதியை அதற்காகப் பறிப்பார்களா? தாளில் எழுதினார்.

"இல்லையெண்டு சொல்லுறார்" என்றார். "இன்னொருத்தரையும் கேப்பம்."

அகதிகளைக் கவனித்த ஓர் அலுவலகத்துக்கு எடுத்தார். அங்கேயும் இல்லை என்றார்கள். மறுமொழி சொன்ன இரண்டு பேரின் பெயரையும் எழுதிய தாளை என்னிடம் நீட்டினார்.

"கையெழுத்துக்கு முதல் கேட்டிருக்கலாம்" என்றேன்.

"கேட்டிருக்கலாம். அவை என்ன சொன்னாலும் கையெழுத்து ஒண்டுதான்."

அந்தத் தாளை நான் வாங்கவில்லை. மேசையில் விட்டுவிட்டுப் போய் முயல் கூடுகளைக் கழுவினேன். அன்றிலிருந்து நாலு மாதத்துக்கு மேல் அவரிடம் வேலைக்குத் தேவையானதைத் தவிர ஒன்றும் கதைக்கவில்லை. அவர் அதற்காக முகத்தை மாற்றவில்லை. நான் கேட்டதை மேலாளரிடம் சொல்வார் என்று பயந்துகொண்டிருந்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கண்டதையெல்லாம் எழுதுகிறவர், கேட்டதை எழுதாமல் விட்டார். அவருக்குள் அதற்கு ஓர் ஒழுங்கு இருந்திருக்கும்.

மனைவியை யாரும் திருப்பி அனுப்பவில்லை. பித்தப்பையில் கற்கள் இருந்தன. கிருமி அங்கேதான் குடியிருந்தது. நாலு கிழமை மாத்திரை கொடுத்து, பித்தப்பையை வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு இடைவெளி விட்டு மூன்று முறை சோதித்து, மூன்றிலும் கிருமி இல்லையென்று வந்தால்தான் முடிந்தது என்று சொல்வார்கள். அதுவரை பிறருக்குச் சமைத்துக் கொடுக்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவள் ஒரு துவாலையை எனக்கும் ஒன்றைத் தனக்கும் பிரித்து வைத்தாள். கையைக் கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்துப்போனது.

எங்கள் ஆட்களுக்குக் கதை எப்படிப் போனது என்று தெரியாது. ஆஸ்பத்திரிக்கு நண்பரைத்தான் காருக்குக் கூப்பிட்டேன், அதனால் இருக்கலாம். முதல் இரண்டு சோதனையும் சுகமாக வந்து, மூன்றாவதும் வந்த கிழமை, கொம்யூன் மண்டபத்தில் எங்கள் ஒன்றுகூடல் ஒன்று நடந்தது. ஒவ்வொரு வீட்டாரும் ஒரு சாப்பாடு கொண்டுபோவது வழக்கம். இனிப் பயமில்லை என்று அவள் காலையிலிருந்து நின்று வடை சுட்டாள். மண்டபத்தில் அந்த வடைத் தட்டத்தை மேசையில் மற்றச் சாப்பாட்டோடு வைத்தாள். மற்றவையெல்லாம் முடிந்தன. நண்பர் நல்லவர், தட்டத்தடிக்கு வந்து ஒரு வடையைக் கையில் எடுத்தார். "பேந்து சாப்பிடுறன் தங்கச்சி" என்று கடதாசிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தார். மனைவி தட்டத்தை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் அதைக் குப்பையில் கொட்டும்போது என்னைப் பக்கத்தில் வர விடவில்லை.

மறுநாள் அவள் கேட்டாள்:

"அந்த லாப் மனுசி, அவ வருவாவோ சாப்பிட?"

நான் அப்போதும் அவரோடு சரியாகக் கதைப்பதில்லை. இருந்தாலும் போய்க் கேட்டேன். அவர் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

அவருடைய பிற்காலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முயல்கள் இல்லாமல் ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களிலிருந்து செய்த பிறபொருளெதிரிகள் பிறகு வெளியிலிருந்து சிறு போத்தல்களில் வரத் தொடங்கின. ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் பிடிக்கும், வேறொன்றையும் தொடாது. முயல் கூடுகளை அகற்றிய நாளில் நான்தான் கொஞ்சம் மனம் கனத்து நின்றேன். அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. "இது நல்லது. அந்தப் பழசில எவ்வளவு கழிக்க வேண்டியிருந்தது" என்றார். ஓய்வு பெற்றுச் சில்க்போர்க் பக்கம் போனார். ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் ஒரு அட்டை வரும். அதில் ஏரி உறைந்திருக்கிறது, அல்லது உறையவில்லை என்று ஒரு வரி இருக்கும். ஒரு வருடம் வரவில்லை. பத்திரிகையில் மரண அறிவித்தல் பார்த்தேன். இரண்டு வரிதான். அவரே எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்தேன். நினைத்ததுதான், தெரியாது.

சாப்பிடக் கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்ன நேரத்துக்குச் சைக்கிளில் வந்தார். பன்னிரண்டு மணி. மனைவி சோறும் கோழிக்கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் தேங்காய்ச் சம்பலும் வைத்திருந்தாள். கரண்டியும் முள்ளும் வைத்தாள். அவர் எங்களைப் பார்த்து, கையால் சாப்பிடலாமா என்று கேட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மனைவி உட்காரவில்லை. சுவரோடு நின்று அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பிசைந்தார், வாயில் வைத்தார், மென்றார். முகம் சிவந்து மூக்கால் தண்ணீர் வந்தது. துடைத்துவிட்டு அடுத்த பிடியைப் பிசைந்தார்.

"எப்பிடி இருக்கெண்டு கேளுங்கோ" என்றாள் மனைவி.

கேட்டேன்.

"கத்தரிக்காய் நல்லாயிருக்கு. கோழி எனக்குக் காரம் கூட" என்றார். கத்தரிக்காயில் இன்னும் கொஞ்சம் கேட்டார்.

நான் தமிழில் சொன்னதும் மனைவி சிரித்துவிட்டாள். பிறகு வந்து எதிர்க் கதிரையில் இருந்தாள். அவர் சாப்பிட்டு முடித்தார். சோற்றுக் கோப்பையை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"நான் ஒண்டு கேக்கிறன். நீங்கள் அப்பிடியே சொல்லுங்கோ" என்றாள் என்னிடம்.

எனக்கு அது வரும் என்று தெரியும். நான் இங்கே வந்த பிறகு, சண்டையில் இடம்பெயர்ந்து, அவள் தன் அக்கா வீட்டில் போய் இருந்தாள். அந்த வீட்டில் பதினாலு பேர். சமைத்தது அவள்தான். அக்காவின் மகளுக்கு ஆறு வயது. நெருப்புக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதையில்லாமல், பத்தொன்பதாம் நாள் இறந்துபோனாள். கிருமி இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து மனைவி அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். நானும் இல்லையென்றேன், வைத்தியரும் இல்லையென்றார், தொலைபேசியில் அக்காவே இல்லையென்று அழுதாள். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான்.

"அது என்னாலயோ எண்டு கேளுங்கோ."

நான் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். அவர் முதலில் எத்தனை பேர் அந்த வீட்டில் என்று கேட்டார். குடிக்கிற தண்ணீர் எங்கேயிருந்து எடுத்தார்கள் என்று கேட்டார். அயலில் வேறு யாருக்காவது அதே காய்ச்சல் வந்ததா, முதல் வந்ததா பிறகு வந்ததா என்று கேட்டார். மனைவி ஒவ்வொன்றுக்கும் யோசித்து மறுமொழி சொன்னாள். ஒரே கிணறு, ஐந்தாறு குடும்பம். அயலில் இரண்டு பேருக்கு வந்தது. யாருக்கு முதல் என்று நினைவில்லை. அவளுக்கே அந்த மாதம் காய்ச்சல் வந்துபோனது, பிள்ளைக்கு முன்னமோ பின்னமோ தெரியாது. அவளிடம் இப்படி யாரும் அதுவரை கேட்டதில்லை. இல்லை இல்லை என்று அவள் வாயை மூடியவர்கள்தான்.

அவர் இரண்டு கையையும் மேசையில் வைத்தார். இலையானைக் கையால் விரட்டுவதுபோல ஒரு பதில் சொல்லிவிட்டு எழும்பியிருக்கலாம். அவளையே பார்த்துச் சொன்னார், நான் நடுவில் இல்லாததுபோல.

"எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையின்ர மாதிரியை நான் பாக்கேல்லை. கிணத்துத் தண்ணியைப் பாக்கேல்லை. உம்மிலயிருந்து பிள்ளைக்கு வந்திருக்கலாம், பிள்ளையிலயிருந்து உமக்கு வந்திருக்கலாம், ரெண்டு பேருக்கும் கிணத்திலயிருந்து வந்திருக்கலாம். இனி ஒருத்தராலயும் கண்டுபிடிக்கேலாது. உம்மாலயும் ஏலாது."

மனைவி என் வாயைப் பார்த்தாள். டேனிஷில் அவளுக்கு அப்போது வணக்கமும் நன்றியும்தான் தெரியும். இல்லையென்று சொல்கிறார் என்று ஒரு சொல்லில் நான் முடித்திருக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியாது. முடிப்பதற்கு வாயும் திறந்தேன்.

ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், அவர் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன். வந்திருக்கலாம் என்பதையும் சொன்னேன்.

அவள் மேசைத் துணியின் மடிப்பைக் கையால் நீவிவிட்டாள்.

"அப்ப அவவுக்கும் தெரியாது."

"ஓம். தெரியாது."

"எல்லாரும் இல்லையெண்டுதான் சொன்னவை. அவைக்கும் தெரியாதெண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "இவ ஒராள்தான் தெரியாதெண்டு சொன்னவ."

பிறகு கையை நீட்டி, அவர் சாப்பிட்ட கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். அவருக்குக் காரமென்று ஒதுக்கி வைத்திருந்த கோழித் துண்டு அதில் கிடந்தது. அதோடேயே சோற்றைப் போட்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சாப்பிடத் தொடங்கினாள்.